பட்டியலில் இல்லாத ஆள்

பேயிந்நௌங் சந்தையில் உளுந்து ஏறிய செவ்வாயன்று
நாற்பத்தொரு மெயில் அனுப்பினேன்.
நாற்பத்தொன்றும் போய்ச் சேர்ந்தன என்றது கணினி.
சேர்ந்த இடத்தைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்குப் போன் போட்டால்
மச்சாது ஆபீஸ் பையன் தேடித் தேடி,
"அக்கா, ஸ்பேம்ல கிடக்கு" என்கிறான்,
"லாட்டரிக்கும் முடி வளர்ற எண்ணெய்க்கும் நடுவுல."

எங்கள் உளுந்து.
கல் பொறுக்கி, ஈரம் பார்த்து, சாக்குத் தைத்து,
முடி எண்ணெய்க்குப் பக்கத்தில்.

முதலாளி நாகூர்கனிக்கு இது மானப் பிரச்சினை.
"அம்பது வருசக் கம்பெனி, நம்மளையா?" என்று
வெற்றிலைச் சாறு தெறிக்கக் கத்தினார்.
அவர் சொல்லச் சொல்ல நான் தட்டிய கடிதம்தான்:
தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி,
உடனே, உடனே, இன்றே கடைசி,
விலை சிவப்பில்.
நடைபாதையில் சட்டையைப் பிடித்து இழுக்கும் கடைக்காரன் மாதிரி.
குறிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்,
முருங்கைக்காயில் நார் உரிப்பதுபோல.
பார்த்துவிட்டு, "உப்பில்லாம இருக்கு" என்றார்.

கரண்ட் நாலு மணி நேரம் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது.
ஜெனரேட்டர் இரைச்சலில் உட்கார்ந்து
திரும்பி வந்த ஒரு மெயிலின் வாலைப் படித்தேன்,
யாரும் படிக்காத அந்த நீள வாலை.
சுருக்கமாக அது சொன்னது:
உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான்,
அவனை எங்களுக்குத் தெரியாது.

இது எனக்குப் புரியும்.
ரங்கூனில் அத்தை மகன் ஒரு ராத்திரி தங்கினாலும்
வார்டு ஆபீசில் பேர் கொடுக்க வேண்டும்.
குடும்பப் பட்டியலில் இல்லாதவன்
கதவு தட்டப்பட்டால் பரணில் ஏறுவான்.
எங்கள் டொமைனுக்கு அந்தப் பட்டியலே இல்லை.
இந்த சர்வர் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று
இதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.
எழுதினேன். ஒரே வரி.
பிறகு கடிதத்துக்குக் கடிதம் ஒரு முத்திரை,
வழியில் எவனும் பிரித்து ஒட்டவில்லை என்பதற்கு.

அப்புறம் என் பேர்.
அட்டையில் டின் டின் ஹ்லா, வீட்டில் கோமதவல்லி.
அனுப்புநர் இடத்தில் ஒருத்தி,
அடியில் கையெழுத்துப் போடுவது இன்னொருத்தி.
முப்பத்து மூன்று வருடமாக எனக்கு உறுத்தாதது
இயந்திரத்துக்கு உறுத்தியிருக்குமோ என்னவோ.
ஒன்றை எடுக்கலாம் என்றால் எதை எடுப்பது?
"விற்பனைப் பிரிவு" என்று போட்டேன்.
அதற்கு அட்டையும் இல்லை, அப்பாவும் இல்லை.

பட்டியலில் செத்தவர்களும் இருந்தார்கள்.
விருதுநகர் சங்கிலிக்காளை போய்ச் சேர்ந்து ஆறு வருடம்,
வாரம் தவறாமல் அவருக்கு உளுந்து விலை போய்க்கொண்டிருந்தது.
அவர் முகவரியை அழிக்கும்போது கை ஒரு நிமிடம் நின்றது.
பொய் சொல்வானேன்,
அவர் வைத்துவிட்டுப் போன பாக்கி ஞாபகம் வந்தது.

புது ஆள் ஊருக்குள் மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.
முதல் நாள் ஐந்து மெயில்,
பதில் போடுகிற பழக்கமுள்ளவர்களுக்கு மட்டும்.
மறுநாள் பத்து. அதற்கடுத்து இருபது.
முதலாளி மாடிப்படி ஏறி ஏறி இறங்கினார்.
விலையும் அப்படியே.

மூன்றாம் வாரம் எல்லாருக்கும் போனது, முன்பக்கத்திலேயே.
பதில்கள் வந்தன:
கூடுதல் விலை, கூடுதல் விலை, மாதிரி அனுப்பவும், கூடுதல் விலை.
மச்சாது மட்டும் மௌனம்.
போனில் அவரே எடுத்தார்.
"அன்னைக்கு வெள்ளிக்கிழமையே எழுதிட்டேனேம்மா, நூறு டன்.
நீங்கல்ல வாயத் திறக்கல."

எங்கள் ஸ்பேமைத் திறந்தேன்.
இத்தனை நாளில் அங்கே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.
பதினெட்டு நாள் பழசு.
சிவப்பு எழுத்து. உடனே, உடனே.
ஆச்சரியக்குறி நாலு.

நாகூர்கனியிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று
யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்று
கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.
இருக்கட்டும் என்றேன்.